எறும்பா, பறவையா? பிலிப்பைன்ஸின் தீராத மொழிப் பஞ்சாயத்து

'லங்கம்' என்றால் என்ன? பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் கேட்டால் 'எறும்பு' என்பார்கள். தெற்கே செபு தீவில் கேட்டால் 'பறவை' என்பார்கள். மணிலாவில் பேசுவது தகலாக், செபுவில் செபுவானோ. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள அந்த நாட்டின் தேசிய மொழிக்குப் பெயர் 'ஃபிலிப்பினோ'.

தகலாக் வேற, ஃபிலிப்பினோ வேறயா?

நடைமுறையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1937-ல் அதிபர் மானுவல் கெசோன், தகலாக்கை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழியை அறிவித்தார். "எங்க மொழிக்கு என்ன குறைச்சல்?" என்ற கேள்வி மற்ற பகுதிகளில் எழுந்தது. 1959-ல் அதற்கு 'பிலிப்பினோ' என்று பெயர் வைத்தார்கள். 1987 அரசியல் சாசனம் அதை 'ஃபிலிப்பினோ' ஆக்கியது. பழைய தகலாக்கில் 'ஃப' ஒலியே கிடையாது. நாட்டின் மற்ற மொழிகளையும் சேர்த்து வளரும் மொழி இது என்பதற்கான அடையாளம்தான் அந்த 'ஃப'. பெயர் மட்டும்தான் மாறியது என்கிறார்கள் விமர்சகர்கள்.

நமக்குத் தெரிந்த வார்த்தை ஏதாவது இருக்கா?

இருக்கு. முகத்துக்கு 'முக்கா', ஆசிரியருக்கு 'குரோ', மாம்பழத்துக்கு 'மங்கா'. முதல் இரண்டும் சமஸ்கிருத வழி வந்தவை. மூன்றாவது நம்ம 'மாங்காய்', மலாய் வழியாகப் போனது. நாம் 'ங்க' சேர்ப்பது போல மரியாதைக்கு 'போ' சேர்ப்பார்கள். 'சலாமத் போ' என்றால் 'நன்றிங்க'. செபுவானோவில் இந்த 'போ' இல்லை. அதனாலேயே செபுக்காரர் சாதாரணமாகப் பேசுவது மணிலாக்காரர் காதில் மரியாதைக் குறைவாக விழலாம்.

இப்போ என்ன பிரச்சினை?

பள்ளிக்கூடம். 2013 சட்டப்படி, மூன்றாம் வகுப்பு வரை குழந்தைகள் தாய்மொழியில் படித்தார்கள். போதுமான புத்தகங்கள் இல்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை, ஒரே வகுப்பில் பல மொழிக் குழந்தைகள் எனச் சிக்கல்கள் வந்தன. 2024 அக்டோபரில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அதிபர் மார்கோஸ் கையெழுத்திடாமலேயே, கெடு முடிந்ததும் மசோதா சட்டமானது. பயிற்று மொழி இனி ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும். வட்டார மொழிகள் துணைக்கு மட்டும்.

விதிவிலக்கே இல்லையா?

ஒன்று உண்டு. வகுப்பில் எல்லோரும் ஒரே தாய்மொழி பேசினால் அதிலேயே கற்பிக்கலாம். ஆனால் அந்த மொழிக்கு வரையறுத்த எழுத்துமுறை, சொல் தொகுப்பு, இலக்கண நூல், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் எல்லாம் இருக்க வேண்டும். செபுவானோ போன்ற பெரிய மொழிகள் சமாளித்துவிடலாம். மலைக் கிராமத்தில் சில ஆயிரம் பேர் மட்டும் பேசும் மொழிக்கு இதெல்லாம் எங்கே இருக்கும்? வீட்டு மொழியைத் தவிர வேறெதுவும் தெரியாமல் பள்ளிக்கு வரும் அந்தக் குழந்தைக்குத்தான் இந்தச் சலுகை அதிகம் தேவை.