கண்ணும் கையும்

வட தமிழகத்தில் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடப்பது சவ்வாது மலை. மலைபடுகடாம் என்னும் பழந்தமிழ் நூல் போற்றும் சேயாறு இம்மலையிலேதான் தோன்றுகின்றது. சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவுகளும், பலாவும் புளியும் நிழல் தரும் சிற்றூர்களும் இங்கே உள்ளன. இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். மலையில் வாழ்வோர் என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் பேசும் மொழி தமிழே.

இம்மலைச் சிற்றூரிலிருந்து தொடக்கப் பள்ளிக்கு முதன்முதல் வரும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். அது புதிய ஆசிரியர்முன் பேச நாணும், எழுத்தும் அறியாது. ஆனால், ஒரு கரித்துண்டைக் கையிற் கொடுத்தால், தான் கண்ட ஆட்டையும் மரத்தையும் தரையில் வரைந்து காட்டும். அறிவற்றதென்று பிறர் எண்ணிய குழந்தை, எத்துணை கண்டிருக்கிறது என்பது அப்போது விளங்கும். ஆதலின், ஓவியம் ஓய்வு நேர விளையாட்டன்று. குழந்தையின் முதல் மொழி எனலாம்.

நம் முன்னோர் படத்தை 'எழுதுதல்' என்றே கூறினர். எழுத்தும் ஓவியமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா? மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று குறிக்கின்றது. காண்பவர் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துபவர் என்பது கருத்து. பிறர் கண்ணில் நிறுத்த வேண்டுமாயின், முதலில் தம் கண்ணால் நன்கு காணல் வேண்டும். ஓவியக் கல்வியின் அடிப்படை இதுவே.

எனவே, ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழத்தை வரைந்து, அதனையே நாற்பது பிள்ளைகளும் படியெடுக்கச் செய்தல் தகாது. பலா மரத்தடிக்கு அவர்களை அழைத்துச் செல்லட்டும். காய் கிளை நுனியில் தொங்குகிறதா, அடிமரத்திற் காய்க்கிறதா என்று வினவட்டும். விடையைக் கண்ட பின்பே கை வரையட்டும்.

வண்ணத்திற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. செம்மண்ணில் உள்ள இரும்புத் துரு செந்நிறம் தரும். கரி கருநிறம் தரும், அது மங்காது. இலைச்சாறு பசுமை தரும். ஆனால், வெயில் பட்டால் சின்னாளில் பழுத்து வெளிறும். வேப்பம் பிசினை நீரில் ஊறவைத்துக் கலந்தால் பொடி தாளில் பற்றி நிற்கும். ஓவியத்தோடு அறிவியலும் இங்கே கைகோக்கின்றது.

வடிவமைப்பையும் இவ்வாறே கற்பிக்கலாம். வீட்டிலுள்ள முறத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்று பக்கமும் உயர்ந்திருக்க, ஒரு பக்கம் மட்டும் ஏன் திறந்திருக்கிறது? சாமையைப் புடைக்கும்போது உயர்ந்த விளிம்புகள் மணியைக் காக்கின்றன. திறந்த வாய் பதரை வெளியேற்றுகின்றது. பயனே வடிவை வகுத்தது என்பதைக் குழந்தை உணர்கின்றது. தன் தாய் நாள்தோறும் கையாளும் கருவியில் இத்துணை நுட்பம் உண்டென்று அறியும் பிள்ளை, தன் குடியை ஒருபோதும் இழிவாக எண்ணாது.

இக்கருத்தை அறிஞர் பலர் வலியுறுத்தியுள்ளனர். வியன்னா நகரில் பிரான்சு சிசெக்கு என்பார் 1897இல் சிறுவர்க்கென ஓவிய வகுப்புத் தொடங்கி, பெரியோரைப் படியெடுக்காமல் தம் போக்கில் வரைய விடுத்தார். தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி நிறுவினார். 1919இல் அங்கே கலாபவனம் எழுந்தது. 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழிலே கல்வியின் நடுவாதல் வேண்டும் என்று காந்தியடிகள் எடுத்துரைத்தார்.

யான் ஆசிரியனாய் இருந்த நாளில், இலக்கண ஏட்டின் ஓரத்தில் மரம் வரைந்த மாணவன் ஒருவனைக் கடிந்து, அத்தாளைக் கிழித்தேன். அவன் பின்னர் வரையவே இல்லை. இலக்கணப் பிழையைத் திருத்த வந்த யான், அன்று செய்த பிழையை இன்றளவும் திருத்த இயலவில்லை.

மாணவர்களே! உங்களுள் நாளை ஆசிரியராவோர் பலர் இருப்பீர்கள். குழந்தை வரைந்து நீட்டும் தாளை இரு கையாலும் வாங்குங்கள். 'இதில் நீ கண்டது யாது?' என்று கேளுங்கள். அக்கேள்வியிலேயே கல்வி தொடங்கிவிடும்.