மல்பே கடலில் கல்தூண்கள்

"பாறை பார்ப்பதற்கு 300 கிலோமீட்டர் போக வேண்டுமா? நம் சாமுண்டி மலையில் இல்லாத பாறையா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சங்க அன்பர்கள் சிலரும் அதையே கேட்டதால், பதிலை இங்கே எழுதுகிறேன்.

உடுப்பியை அடுத்த மல்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் செயின்ட் மேரீஸ் தீவுகள் இருக்கின்றன. வாஸ்கோ ட காமா 1498-இல் இங்கே இறங்கிப் பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். தென்னை மரங்கள் நிறைந்த தீவுக்குத்தான் பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். இறங்கியதும் கண்ணில் படுவது, யாரோ செதுக்கி அடுக்கி வைத்தாற்போன்ற கல்தூண்கள். ஐந்து பக்கம், ஆறு பக்கம், சில ஏழு பக்கம். உயரமானவை 6 மீட்டர் வரை இருக்கும். எங்களோடு வந்த ஒருவர், "பாண்டவர்கள் அடுக்கியதாக இருக்கும்" என்றார். உளி படாத கல் என்று அவரை நம்ப வைக்கச் சிரமப்பட்டேன்.

சாமுண்டி மலையும் ஒரு காலத்தில் உருகிய குழம்புதான். ஆனால் அது பூமிக்கு அடியிலேயே மெல்ல ஆறி இறுகிய கருங்கல். வயது ஏறத்தாழ 80 கோடி ஆண்டு. மல்பே தீவுப் பாறையோ வெளியே கொட்டி, அதைவிட வெகு வேகமாக ஆறிய எரிமலைக் குழம்பு. வயது 8 கோடியே 80 லட்சம் ஆண்டு. நம் மலைக்கு முன்னால் அது குழந்தை.

குழம்பு ஆறும்போது சுருங்கும். வற்றிய குளத்தின் சேறு காய்ந்து வெடிக்கிறதல்லவா, அப்படி மேற்பரப்பில் வெடிப்பு விழும். மூன்று வெடிப்புகள் சம கோணத்தில், அதாவது 120 பாகையில் சந்தித்துக்கொண்டே போனால், தேன்கூடு போல ஆறு பக்கம் தானாக வந்துவிடும். சூடு உள்நோக்கி ஆற ஆற வெடிப்பும் உள்ளே இறங்கும், தூண் உருவாகும். அயர்லாந்துத் தீவின் வடக்கே ஜயன்ட்ஸ் காஸ்வே என்னுமிடத்தில் இப்படிச் சுமார் 40,000 தூண்கள் உண்டு. மும்பை அந்தேரியில் கில்பர்ட் குன்றும் இந்த வகைதான்.

மல்பேயின் தனிச்சிறப்பு வேறு. இதே வயதுடைய எரிமலைப் பாறைகள் கடலுக்கு அப்பால் மடகாஸ்கர் தீவில் கிடைக்கின்றன. அன்று இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தன. பிரிந்தபோது கசிந்த குழம்பின் மிச்சம் இது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. பலர் இதில் பெயர் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இனி படம் எடுக்கும் விஷயம். உச்சி வெயிலில் எடுத்தால் தூண்களுக்கு நிழலே இருக்காது. எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாக விழும். காலையில் முதல் படகிலோ, மாலை திரும்புவதற்கு முன்போ, வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். வெடிப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் தெரியும். இங்கே கரையில் மணலைவிடக் கிளிஞ்சல்தான் அதிகம். அந்த வெண்மையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து பாறையை இன்னும் இருட்டாக்கிவிடும். கைபேசியானால் திரையில் பாறையின் மேல் விரல் வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்து கொள்ளலாம். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினால்தான் தூணின் உயரம் விளங்கும். உப்புத் துளி லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். மெல்லிய துணி ஒன்று அவசியம்.

ஆளை நிறுத்தும்போது கடலோர விளிம்பில் மட்டும் நிறுத்தாதீர்கள். 2022 ஏப்ரலில் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த மூன்று கல்லூரி மாணவர்கள் இங்கே கடலில் மூழ்கி இறந்தார்கள். அலை படும் தூண்களின் தலை பாசி பிடித்து வழுக்கும். ஐந்து அலை சிறிதாக வரும், ஆறாவது அலை ஆளை இழுக்கும். காவலர் விசில் ஊதினால் "இன்னும் ஒரே ஒரு படம்" என்று கெஞ்சுகிறவர்களை நானே பார்த்தேன். பெரிய லென்ஸ் வைத்துத் தள்ளி நின்றே எடுத்த என் படங்கள்தான் நன்றாக வந்திருக்கின்றன.

மைசூரிலிருந்து மடிகேரி, மங்களூர் வழியாகவும் போகலாம், ஹாசன், சிராடி கணவாய் வழியாகவும் போகலாம். மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகு கிடையாது. டிசம்பர், ஜனவரி மாதங்கள் உத்தமம். தீவில் நிழல் குறைவு. வயதானவர்களுக்குத் தொப்பியும் தண்ணீரும், எல்லோருக்கும் பிடிப்புள்ள செருப்பும் வேண்டும். கிளிஞ்சல் வெறுங்காலைக் கிழித்துவிடும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே படகுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.