சோதனையும் ஆய்வும்

எமது கல்முனைக் கரையில் ‘சோதனை’ என்றால், இறைவன் அடியானுக்கு அளிக்கும் துன்பமே முதலில் நினைவுக்கு வரும். ஆதலின், “மருந்துச் சோதனையில் சேருகிறீர்களா?” என்று மருத்துவர் வினவின் முதியோர் அஞ்சுதல் இயல்பே. ‘மருந்தாய்வு’ என்பதே தக்க சொல் என்பேன்.

அஃது எத்தகையது? 2016ஆம் ஆண்டு இலங்கையில் தொடங்கிய ஆய்வொன்றில் உயர் இரத்த அழுத்தமுடைய 700 பேர் சேர்ந்தனர். ஒரு சாரார்க்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவிற் சேர்த்த ஒரே குளிசை. மறுசாரார்க்கு வழக்கமான சிகிச்சை. எவர் எச்சாரார் என்பதைத் தீர்மானித்தது மருத்துவரின் விருப்பமன்று. சீட்டுக் குலுக்கல் போன்றதொரு முறையே. ஆறு மாதங்களின் பின், குளிசை உண்டோருள் நூற்றுக்கு 70 பேருக்கும், மற்றையோருள் 55 பேருக்கும் அழுத்தம் இலக்கினுள் அடங்கிற்று. முடிவு 2018இல் வெளியாயிற்று.

இத்தகைய ஆய்வுகளை அறிய, இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் ஒரு பதிவேட்டைப் பேணி வருகிறது. எந்நோய்க்கு, எவ்விடத்தில், எவர் சேரலாம் என்பவற்றை இணையத்தில் எவரும் காணலாம்.

சேருமுன் வினவுக: அறநெறிக் குழு இசைந்துள்ளதா? தீங்கு நேரின் பொறுப்பு யாருடையது? புதிய மருந்து தமக்கே பயன்தரும் என்ற உறுதி இல்லை என்பதையும் உணர்க. விரும்பியபோது விலகலாம்; விலகியவரைப் புறக்கணித்தலாகாது. இஃது ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் நெறி.

ஒப்புதற் பத்திரம் விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும். விளங்காவிடின் வீட்டுக்குக் கொண்டுசென்று, பிள்ளைகளோடு வாசித்த பின்னரே கையொப்பமிடுக.