பாதி விலைக்கு வந்த வீட்டு கம்பெனி ஷேர்: கொரோனாவில் ஒருத்தருக்கு 5 மடங்கு, இன்னொருத்தருக்கு பூஜ்யம்! ஏன்?

சமயநல்லூர்:

மார்க்கெட் விழும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும். "வீடு கட்டுற கம்பெனி ஷேர் எல்லாம் பாதி விலைக்கு வந்திருச்சு. வாங்கிப் போட்டா நிலம் வாங்கின மாதிரி" என்பதுதான் அது. 2020ல் கொரோனா ஊரடங்கு நேரத்தில் இந்த பேச்சு ஊர் ஊராக ஓடியது.

அதை நம்பி பணம் போட்டவர்களில் சிலருக்கு போட்ட காசு 5 மடங்கு ஆனது. சிலருக்கு ஒரு பைசா மிஞ்சவில்லை. இரண்டு பேரும் வாங்கியது அதே வருஷம், வீடு சம்பந்தப்பட்ட கம்பெனி ஷேர்தான். அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்?

மதுரை - திண்டுக்கல் நாலு வழிச்சாலை வந்த பிறகு சமயநல்லூர், பரவை, தேனூர் பக்கம் மனை வாங்குவது, விற்பது என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மனை வேறு, வீட்டு கம்பெனி ஷேர் வேறு. அந்த வித்தியாசம் புரியாமல் நகைக்கடன் பணத்தையும், பி.எப். பணத்தையும் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு கொரோனா கால அனுபவமே சாட்சி.

ஒரே நாளில் 3,900 புள்ளி காலி

2020 ஜனவரியில் மும்பை பங்குச்சந்தை குறியீடான சென்செக்ஸ் 42 ஆயிரத்தை தாண்டி இருந்தது. கொரோனா பயம் பரவியதும் சரசரவென இறங்கியது. மார்ச் 23ந் தேதி ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல், அதாவது 13 சதவீதம் விழுந்து, 25,981ல் முடிந்தது. ஒரே நாளில் இவ்வளவு பெரிய சரிவு அதற்கு முன்பு வந்ததே இல்லை.

வீடு கட்டும் கம்பெனிகளுக்கு அடி இன்னும் பலம். கட்டட வேலை நின்றது. வடமாநில தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு கிளம்பினார்கள். பத்திரப்பதிவு முடங்கியது. வீடு பார்க்க ஆள் வரவில்லை. ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்கான 'நிப்டி ரியல்டி' குறியீடு சில வாரங்களில் ஏறக்குறைய பாதியானது.

மதுரையில் நிலைமை இன்னும் மோசம். தமிழகத்தின் பல ஊர்கள் மெல்ல திறந்து கொண்டிருந்தபோது, 2020 ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் மறுபடி முழு ஊரடங்கு போடப்பட்டது.

வீட்டில் முடங்கியவர்கள் கையில் இருந்தது செல்போன். அதிலேயே டிமேட் கணக்கு திறக்கலாம் என்ற வசதியும் இருந்தது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் சுமார் 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள், 2022 ஆகஸ்டில் 10 கோடியை தாண்டின. புதுசாக வந்தவர்களில் பெரும்பாலோர் சிறு முதலீட்டாளர்கள்.

ஜெயித்த ஷேர்

நாட்டின் பெரிய கட்டுமான கம்பெனிகளில் ஒன்று டி.எல்.எப். 2020 மார்ச்சில் இதன் ஷேர் 150 ரூபாய்க்கும் கீழே வந்தது. 2024ல் 800 ரூபாயை தாண்டியது.

ஒரு கணக்கு பார்ப்போம். 150 ரூபாய்க்கு 50 ஆயிரம் ரூபாய் போட்டவருக்கு 333 ஷேர் கிடைத்திருக்கும். 800 ரூபாய் விலையில் அது 2 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய்.

காரணம் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. கொரோனாவுக்கு முன்பே இந்த கம்பெனி கடனை குறைக்கும் வேலையில் இறங்கி இருந்தது. 2017 கடைசியில், ஆபீஸ் கட்டடங்களை வாடகைக்கு விடும் துணை கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு, சிங்கப்பூர் அரசின் ஜி.ஐ.சி. நிறுவனத்துக்கு ஏறக்குறைய 9 ஆயிரம் கோடி ரூபாய்க்கு கைமாறியது. அதை விற்ற முதலாளி குடும்பம் கிடைத்த பணத்தின் பெரும்பகுதியை தாய் கம்பெனியிலேயே திரும்ப போட்டது. கடன் சுமை இறங்கிய நேரத்தில் கொரோனா வந்தது. தாக்குப்பிடிக்க தெம்பு இருந்தது.

அதோடு ரிசர்வ் வங்கி 2020 மே மாதம் ரெப்போ வட்டியை 4 சதவீதமாக குறைத்தது. 2021 தொடக்கத்தில் வீட்டுக்கடன் வட்டி 7 சதவீதத்துக்கும் கீழே போனது. வீட்டில் இருந்தே ஆபீஸ் வேலை என்று ஆனதும், ஒரு அறை கூடுதலாக உள்ள வீட்டை ஜனங்கள் தேடினார்கள். சின்ன பில்டர்கள் பலர் பணமில்லாமல் திணற, வாடிக்கையாளர்கள் பெரிய கம்பெனிகள் பக்கம் திரும்பினார்கள். 2023ம் ஆண்டில் மட்டும் நிப்டி ரியல்டி குறியீடு 80 சதவீதம் வரை ஏறியது.

பூஜ்யமான ஷேர்

இப்போது அடுத்த கதை. டி.எச்.எப்.எல். என்ற திவான் ஹவுசிங் பைனான்ஸ். வீடு கட்டும் கம்பெனி இல்லை. வீடு வாங்குபவருக்கும், கட்டும் பில்டருக்கும் கடன் கொடுத்த கம்பெனி. 2018 செப்டம்பரில் இதன் ஷேர் 600 ரூபாய்க்கு மேல் இருந்தது. அந்த மாதம் 21ந் தேதி ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதன் நிர்வாக குழுவை கலைத்தது. டிசம்பரில் திவால் வழக்கு தேசிய கம்பெனி சட்ட தீர்ப்பாயத்தில் ஏற்கப்பட்டது. எல்லாம் கொரோனாவுக்கு முன்பே நடந்தது. எல்லாம் பேப்பரில் வந்தது.

ஆனாலும் 2020ல் பத்து, பதினைந்து ரூபாய்க்கு இந்த ஷேரை அள்ளியவர்கள் ஏராளம். "600 ரூபாய் ஷேர் 15 ரூபாய்க்கு கிடைக்குது, பெரிய முதலாளி வாங்கப் போறார், பறக்கும்" என்பதுதான் கணக்கு.

பெரிய முதலாளி வந்தது உண்மை. பிரமல் குழுமம் கம்பெனியை எடுத்தது. 2021 ஜூன் மாதம் தீர்ப்பாயம் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த திட்டத்தில் பழைய ஷேர்களின் மதிப்பு பூஜ்யம்! ஜூன் 14 முதல் வர்த்தகம் நிறுத்தப்பட்டு ஷேர் சந்தையில் இருந்தே நீக்கப்பட்டது. 50 ஆயிரம் போட்டவருக்கும் பூஜ்யம், 5 லட்சம் போட்டவருக்கும் பூஜ்யம். பெரிய தொகை டெபாசிட் போட்டிருந்தவர்களுக்கே முழுப் பணமும் வரவில்லை. இந்த திட்டம் செல்லும் என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

வரிசையில் கடைசி ஆள் யார்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மனை வாங்கினால் பத்திரம் உங்கள் பெயரில். விலை இறங்கினாலும் நிலம் அங்கேயேதான் கிடக்கும். கம்பெனி ஷேர் அப்படி இல்லை. கம்பெனிக்கு நூறு ஏக்கர் நிலம் இருந்தாலும் அதில் ஒரு சென்ட் கூட ஷேர்தாரர் பெயரில் கிடையாது. எல்லா கடனையும் அடைத்த பிறகு மிச்சம் இருந்தால் அதில்தான் பங்கு.

கம்பெனி திவாலாகி சொத்தை விற்றால் பணம் எப்படி பிரியும் என்பதை 2016ம் ஆண்டு திவால் சட்டம் வரிசைப்படுத்தி இருக்கிறது. முதலில் வழக்கு நடத்தும் செலவு. அடுத்து தொழிலாளர் கூலி பாக்கி, சொத்தை ஈடு வாங்கி கடன் கொடுத்த வங்கிகள். அப்புறம் மற்ற ஊழியர் சம்பளம், ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசு வரி பாக்கி. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு, வரிசையில் கடைசியாக சாதாரண ஷேர்தாரர். வீடு புக் செய்து காத்திருப்பவர்களையும் 2018ல் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவர்களும் ஷேர்தாரருக்கு முன்னால்தான் நிற்கிறார்கள்.

பந்தியில் கடைசி இலைக்கு சோறு மிஞ்சுமா என்பது, முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை பொறுத்தது. கடன் அதிகம் உள்ள கம்பெனியில் முன்னால் கூட்டம் அதிகம். அவ்வளவுதான்!

பாதி விலை என்றால் மலிவா?

இன்னொரு மயக்கமும் உண்டு. நல்ல கம்பெனி என்றால் எந்த விலைக்கும் வாங்கலாம் என்பது. டி.எல்.எப். 2007ல் சந்தைக்கு வந்தபோது ஷேர் விலை 525 ரூபாய். 2008 ஜனவரியில் 1,200 ரூபாயை தொட்டது. அப்போது 41 ஷேர் வாங்கியவர் போட்டது 49 ஆயிரத்து 200 ரூபாய். 2020 மார்ச்சில் 150 ரூபாய் கணக்கில் அதன் மதிப்பு வெறும் 6 ஆயிரத்து 150. அந்த 1,200 ரூபாய் விலை 2024 முடியும் வரை திரும்ப வரவே இல்லை.

யூனிடெக் கதை இன்னும் கொடுமை. 2008 தொடக்கத்தில் 500 ரூபாய்க்கு மேல் போன ஷேர், அந்த வருஷ கடைசிக்குள் 50 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. பத்தில் ஒரு பங்கு விலைக்கு கிடைக்கிறது என்று அப்போது வாங்கி, விற்காமல் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அனுமதியோடு மத்திய அரசு நிர்வாகத்தை கையில் எடுத்தது. அந்த மார்ச்சில் ஷேர் விலை ஒரு ரூபாய் பக்கம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய 4 விஷயம்

மார்க்கெட் அடுத்த தடவை விழும்போது இதே கேள்வி மறுபடி வரும். விலையை பார்ப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியவை:

1. கடன்: கம்பெனியின் நிகர கடன் எவ்வளவு, போன வருஷத்தை விட ஏறியதா, இறங்கியதா? மும்பை, தேசிய பங்குச்சந்தை இணையதளங்களில் காலாண்டு அறிக்கையை இலவசமாக பார்க்கலாம்.

2. அடகு: முதலாளிகள் தங்கள் ஷேரை அடகு வைத்து கடன் வாங்கி இருக்கிறார்களா? இதுவும் அதே இணையதளங்களில் இருக்கும். விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் அந்த ஷேரை விற்பார், விலை இன்னும் இறங்கும். வட்டி கட்டாத நகை ஏலம் போகிற கதைதான்.

3. வசூல்: கட்டுமான கம்பெனிகள் பெரும்பாலும் வீட்டை ஒப்படைக்கும்போதுதான் வருமான கணக்கு எழுதும். அதனால் ஒரு காலாண்டு லாபத்தை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். எத்தனை வீடு புக் ஆனது, வாடிக்கையாளரிடம் எவ்வளவு பணம் வசூலானது என்பதுதான் உண்மை நிலவரம்.

4. வேலை நடக்கிறதா: தமிழகத்தில் கட்டும் திட்டம் என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணைய இணையதளத்தில் பதிவு எண், முடிக்க வேண்டிய தேதி பார்க்கலாம். கொரோனாவுக்காக 2020ல் 6 மாதம் கெடு நீட்டிக்க மத்திய அரசு வழி விட்டது. அதையும் தாண்டி இழுத்தவர்கள் யார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

டிப்ஸ் கொடுப்பவர் பணம் தருவாரா?

வாட்ஸ் அப், டெலிகிராமில் "நாளைக்கு டபுள்" என்று வரும் டிப்ஸ் பற்றி சொல்லவே வேண்டாம். பணம் போனால் டிப்ஸ் கொடுத்தவர் வாங்கித்தர மாட்டார். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். புரோக்கர் மீதோ, கம்பெனி மீதோ புகார் இருந்தால் செபியின் 'ஸ்கோர்ஸ்' இணையதளத்தில் வீட்டில் இருந்தே கொடுக்கலாம்.

திவால் வழக்கில் சிக்கிய கம்பெனி ஷேர் 10 ரூபாய்க்கு வந்தாலும் மலிவு இல்லை, 1 ரூபாய்க்கு வந்தாலும் மலிவு இல்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம், நகையை வைத்து வாங்கிய பணம் இரண்டையும் எந்த ஷேர் பக்கமும் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. கையில் மிச்சம் இருக்கும் காசில்தான் இந்த விளையாட்டு. அதையும் "எவ்வளவு இறங்கி இருக்கு?" என்று கேட்டு போடாமல், "எவ்வளவு கடன் இருக்கு?" என்று கேட்டு போட்டவர்கள்தான் கொரோனாவில் பிழைத்தார்கள்.