நட்சத்திரம் தவறவிட்ட வீரர்

அமெரிக்காவில் பாடசாலைக் கூடைப்பந்தாட்ட வீரர்களுக்கு ஈ.எஸ்.பி.என். போன்ற ஊடக நிறுவனங்கள் ஐந்து நட்சத்திரங்கள் வரை வழங்கி வரிசைப்படுத்துகின்றன. கோடைகாலச் சுற்றுப்போட்டிகளில் வெளிப்படும் ஆட்டம், உயரம், உடல்வலு என்பனவே முக்கிய அளவுகோல்கள். பெரிய பல்கலைக்கழகங்களின் புலமைப்பரிசிலும், 2021 முதல் அனுமதிக்கப்பட்ட விளம்பர வருமானமும் பெரும்பாலும் முன்வரிசையில் உள்ளவர்களையே தேடிச் செல்கின்றன. அப்போட்டிகளுக்குச் செல்ல வசதியற்றவர்களும் தாமதமாக வளர்பவர்களும் எளிதில் கண்ணில் படுவதில்லை.

ஸ்டீபன் கரி மெலிந்த மாணவர். தந்தை விளையாடிய வேர்ஜினியா டெக் பல்கலைக்கழகம்கூட அவருக்குப் புலமைப்பரிசில் வழங்கவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி சேர்த்துக்கொண்டது. 2008 இல் அக்கல்லூரி தேசியத் தொடரின் இறுதி எட்டு அணிகளுக்குள் நுழைந்தது. பின்னர் கரி நான்கு தடவைகள் என்.பி.ஏ. சம்பியனானார்.

17 வயதில் ஒருவர் பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரிந்தார் என்பதையே தரவரிசை சொல்கிறது. ஆனால் அவருக்கான கதவுகள் திறப்பதும் மூடுவதும் அதை வைத்துத்தான்.