நாலு வயதும் பதிமூன்று வயதும்: பிள்ளைகளோடு மூன்று நாள் கல்கத்தா

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஜாம்ஷெட்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஓர் இளைஞர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், ஸ்கூல் லீவு விட்டதும் பிள்ளைங்களை மூணு நாள் கல்கத்தா கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவனுக்கு மூணு. எங்கெங்க போகணும்னு ஒரு லிஸ்ட் எழுதித் தாங்களேன்" என்றார்.

லிஸ்ட் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் பட்ட பாடும் என்னிடம் இருக்கிறது. அவருக்குச் சொன்னதை, அவரைப்போன்ற மற்ற அன்பர்களுக்கும் உதவும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன். ஊரின் பெயர் 2001இல் கொல்கத்தா என்று மாறிவிட்டாலும், நம் வாயில் இன்னும் கல்கத்தாதானே? அப்படியே எழுதுகிறேன்.

பதினோரு இடங்கள், இரண்டு நாட்கள்

1996 டிசம்பர். அப்போது நான் தென்கிழக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பகுதியில் இருந்தேன். மூத்த மகனுக்கு வயது 13, மகளுக்கு 8, கடைக்குட்டிக்கு 4. பாஸ் இருந்தது, இரண்டு நாள் லீவும் கிடைத்தது. இனி எப்போது வரப்போகிறோம், வந்ததற்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பதினோரு இடங்களை வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்துசேரும் நேரம், புறப்படும் நேரம் என்று கால அட்டவணை மாதிரியே குறித்தும் வைத்தேன்.

அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் அப்போது அத்வைதா என்ற மிகப் பெரிய ஆமை ஒன்று இருந்தது. ராபர்ட் கிளைவிடம் இருந்த ஆமை என்று அதைச் சொல்வார்கள்; 2006இல்தான் இறந்தது. கடைக்குட்டி அதன் வேலிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். ஆமை எழுந்து நடப்பதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்றான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அட்டவணைப்படி இருபது நிமிடம் தாமதம். அழ அழ அவனைத் தூக்கி மூத்தவன் தோளில் உட்காரவைத்தேன். அந்த இரண்டு நாளும் சின்னவன் பாதி நேரம் அண்ணன் தோளில்தான் இருந்தான். மியூசியத்தில் எகிப்து மம்மியை ஐந்து நிமிடம் பார்த்தோம். மற்ற இடங்களில் வாசலைப் பார்த்தோம் என்று சொல்லலாம்.

இரண்டாம் நாள் மதியம், விக்டோரியா மண்டபத்துக்கு வெளியே சின்னவன் வாந்தி எடுத்தான். உடம்பும் அனலாகக் கொதித்தது. மீதி நாலு இடங்களை அடித்துவிட்டு ஹவுரா திரும்பினோம். அந்த நாலில் கடைசியாக எழுதியிருந்தது மெட்ரோ ரயில். நாட்டின் முதல் மெட்ரோ, 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே தொடங்கியது. 1995இல் டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் திறந்தாகிவிட்டது. மூத்தவன் கேட்டிருந்தது அந்த ஒன்றைத்தான். "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா" என்றேன். "சரிப்பா" என்றான். டாடாநகர் வந்து சேரும்வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அடுத்த தடவை வரவே இல்லை. எனக்கு மாற்றல், அவனுக்குப் பத்தாம் வகுப்பு, பிறகு கல்லூரி, பிறகு பெங்களூரில் வேலை என்று காலம் ஓடிவிட்டது.

ரயில்வேயில் கற்றதை வீட்டில் மறந்தேன்

இதில் வேடிக்கை என்னவென்றால், கால அட்டவணை எப்படிப் போடுவது என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஒரு வண்டி இரண்டு நிலையங்களுக்கு இடையே ஓட எவ்வளவு நேரம் ஆகுமோ, அதை மட்டும் அட்டவணையில் எழுதுவதில்லை. வழியில் தண்டவாள வேலை நடந்தால் மெதுவாகப் போக வேண்டும். அதற்காக எஞ்சினியரிங் அலவன்ஸ் என்று சில நிமிடங்கள் சேர்ப்பார்கள். சிக்னலில் நிற்பது, வேறு வண்டிக்கு வழிவிடுவது போன்றவற்றால் இழந்த நேரத்தை மீட்கவும் தனியே சில நிமிடங்கள் உண்டு. வண்டியை மெதுவாகப் போகச் சொல்லும் காஷன் ஆர்டர் போடுவதுதான் என் பிழைப்பே. அப்படிப்பட்ட நான், நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதல் நேரம் வைக்காமல் அட்டவணை போட்டேன்!

இன்னொரு பிசகும் உண்டு. சின்னவனுக்குக் கால் வலிக்கும் என்று தெரிந்தது. பெரியவனுக்கு மனம் வலிக்கும் என்று தோன்றவில்லை. பெரிய பிள்ளை நமக்கு உதவியாள் என்று நினைத்துவிடுகிறோம். அவனும் ஊர் பார்க்க வந்த பிள்ளைதான்.

இரண்டாம் பயணம்

2024 டிசம்பர் விடுமுறையில் மகன் பெங்களூரிலிருந்து தன் மகளோடு வந்தான். பேத்திக்கு வயது 13. இங்கேயே இருக்கும் என் மகளுக்கு இரண்டு பையன்கள். வயது 8, 4. மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரையும் சேர்த்து ஏழு பேர் கல்கத்தா கிளம்பினோம்.

இந்த முறை இடங்களின் லிஸ்டை நான் எழுதவில்லை. ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன். நாலு வயது, "ஒட்டகச்சிவிங்கி" என்றது. எட்டு வயது, சயன்ஸ் சிட்டியில் ரோப் கார் ஏற வேண்டும் என்றது. பேத்திக்குக் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள். என் துணைவியாருக்கு முழங்கால் வலி, "படி ஏறாத இடமா ஏதாவது பாருங்க. லேக் மார்க்கெட்ல காப்பிப் பொடி வாங்கினாப் போதும்" என்றார். மகள், "எங்கேயாவது புல்தரையில கொஞ்ச நேரம் சும்மா உட்காரணும்" என்றாள். மகன், "மெட்ரோ" என்றான். எனக்கு ஹவுராவில் உள்ள ரயில் மியூசியத்தைப் பார்க்க ஆசை.

ஆசைகள் ஏழு. மூன்று நாளில் அரைநாட்கள் ஆறு. போக ஒன்று, திரும்ப ஒன்று என்று கழித்தால் மிச்சம் நாலுதான். மெட்ரோவை ஹவுராவிலிருந்து விடுதிக்குப் போகும் வழியிலும், காப்பிப் பொடியை மதியச் சாப்பாட்டோடும் சேர்த்தோம். என் மியூசியத்தை நானே அடித்தேன். அட்டவணை போடுகிறவர் தன் ஆசையைத்தான் முதலில் விட வேண்டும் என்பது என் அனுபவம்.

வெள்ளிக்கிழமை அதிகாலை வண்டியில் புறப்பட்டோம். சுமார் 250 கிலோமீட்டர்; முற்பகலில் ஹவுரா. வெளியே வந்ததும் படகுத்துறைப் பக்கம் நின்று ஹவுரா பாலத்தைப் பார்த்தோம். 1943இல் திறந்த பாலம், 26,500 டன் எஃகு, ஒரு நட்டு போல்ட்டுகூட இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தது, எஃகில் பெரும்பகுதி நம் ஊர் டாடா ஆலையில் உருக்கியது என்று சொன்னேன். எட்டு வயதுப் பேரன் அங்கே நின்றிருந்த யாரோ ஒருவரிடம், "இது எங்க ஊர் இரும்பு" என்று இந்தியில் பெருமை அடித்துக்கொண்டான்.

விடுதியில் மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை தருவோம் என்றார்கள். 1996ஆக இருந்தால் எனக்கு ரத்தம் கொதித்திருக்கும். இப்போதோ அன்று பிற்பகலுக்கு நான் எதுவுமே எழுதவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தையும் தயிர்சாதத்தையும் வரவேற்பறையிலேயே முடித்தோம். சின்னவன் பாட்டி மடியில் தூங்கினான். மாலையில் விக்டோரியா தோட்டத்துக்கு மட்டும் போய்ப் புல்தரையில் உட்கார்ந்தோம். உள்ளே போகவில்லை. மகளின் ஆசை நிறைவேறிற்று.

அங்கேதான் பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. என் துணைவியார்தான் காதோடு சொன்னார்: "காலையிலேர்ந்து சின்னவன் பை, தண்ணி பாட்டில், எல்லாம் அவ கையிலதான் இருக்கு. அவளை ஆயா ஆக்காதீங்க. அவ அப்பாவை அப்படித்தான் ஆக்கினீங்க." எனக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்ப் பையை வாங்கிக்கொண்டேன். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சிறிது நேரத்தில் அந்தக் கட்டடத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காலை குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மகனும் பேத்தியும் காலேஜ் ஸ்ட்ரீட். நானும் மகளும் பையன்களோடு மிருகக்காட்சிசாலை. துணைவியார் அறையில் ஓய்வு. சந்திக்கும் இடமும் நேரமும் முன்பே பேசிவைத்தோம்: லேக் மார்க்கெட், மதியம் ஒன்றரை மணி. திறந்த உடனே போனதால் மிருகக்காட்சிசாலையில் கூட்டம் அதிகமில்லை. ஒட்டகச்சிவிங்கி தழை தின்பதை நாலு வயது நாற்பது நிமிடம் பார்த்தது. நான் கடிகாரத்தை அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பெரியவனுக்கு அலுப்புத் தட்டியதும் மகள் அவனைப் பாம்புகளைப் பார்க்கக் கூட்டிப்போனாள். அத்வைதா இருந்த இடத்தைத் தேடிப்போக நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

லேக் மார்க்கெட் தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. வாழை இலை, கறிவேப்பிலை, காப்பிப் பொடி எல்லாம் கிடைக்கும். நம் சாப்பாடும் கிடைக்கும். பேத்தி ஆறு பழைய புத்தகங்களோடு வந்து சேர்ந்தாள். ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றும் என்ன விலை சொன்னான், என்ன விலைக்குப் பேசி வாங்கினேன் என்று எல்லோருக்கும் சொன்னாள். பயணம் முழுவதிலும் அவள் அதிகம் பேசியது அப்போதுதான். அன்று மாலை எங்கும் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிறு காலை சயன்ஸ் சிட்டி. 1997 ஜூலையில் திறந்த இடம். இதில் ஒரு வசதி, மூன்று வயதுக்கும் தீனி உண்டு. தொட்டுப் பார்த்து இயக்கும் விஞ்ஞானக் கருவிகள் பெரியவர்களுக்கு, ரோப் கார் நடுவயதுக்கு, பொம்மை ரயில் சின்னதுக்கு. மாலை வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிட்டோம்.

கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை

மிருகக்காட்சிசாலைக்கு வியாழன் விடுமுறை. இந்தியன் மியூசியத்துக்கும் விக்டோரியா மண்டபத்தின் உட்பகுதிக்கும் திங்கள் விடுமுறை. ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறுதான் நமக்கு வசதி. ஞாயிறுகளில் மெட்ரோ வண்டிகள் தாமதமாகத் தொடங்கும், எண்ணிக்கையும் குறைவு.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்பாகத்தான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கை நம்பவேண்டாம். ஐந்து வயது நிரம்பிய பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டுமானால், 2016 முதல் முழுக் கட்டணம்.

மெட்ரோ நிலையத்துக்கு நடை தூரத்தில் விடுதி பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பிள்ளைகளின் காலில் மிச்சமாகும். டிராமை நம்பித் திட்டம் போடாதீர்கள். 1873இல் குதிரை இழுக்கத் தொடங்கிய அந்த வண்டிகளை, ஒரு வழித்தடம் தவிர மற்றவற்றில் நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024இல் அறிவித்தது.

சின்னப் பிள்ளைகளின் சட்டைப்பையில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். கூட்டத்தில் யார் யாருடைய கையைப் பிடிப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அந்தப் பொறுப்பு பெரியவர்களுடையது, பெரிய பிள்ளையுடையது அல்ல.

நாற்பத்தைந்து விநாடி

முதல் நாள் நடந்த ஒன்றைக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். ஹவுராவில் இறங்கி, லிஃப்டில் வெகு ஆழம் கீழே போய், எஸ்பிளனேடுக்கு மெட்ரோ ஏறினோம். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 2017இல் குடைந்த சுரங்கம் அது. 2024 மார்ச்சில்தான் பயணிகளுக்குத் திறந்தார்கள். 2025 ஆகஸ்டு முதல் அந்தப் பாதை சியால்தாவையும் தொட்டு, சால்ட் லேக் வரை நேராகவே போகிறது. ஆற்றுக்கு அடியில் சுமார் 520 மீட்டர். கடக்க நாற்பத்தைந்து விநாடி. அந்த இடத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தெரியும்.

மகன் கதவுக் கண்ணாடி அருகே நின்றான். நாலு வயதுப் பையனை அவனாகவே கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தான். நீல விளக்கு வந்ததும் பையன் கத்தினான். மகன் கத்தவில்லை, நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டி நின்று கதவு திறந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, ஒரு தடவை திரும்பிப் போயிட்டு வரலாமா?" என்றான். நாற்பது வயதைத் தாண்டிய பிள்ளை, நரை விழுந்த பிள்ளை!

பெட்டி படுக்கையோடு, முழங்கால் வலிக்கிற பாட்டியோடு, திரும்ப ஹவுரா போய் மறுபடி எஸ்பிளனேடு வந்தோம். அட்டவணையில் அதற்கு இடம் இருந்தது.

லிஸ்ட் கேட்ட இளைஞருக்கு நான் கொடுத்தது ஒரு வெள்ளைத்தாள்தான். மகளிடம் கொடுத்து முதல் வரியை எழுதச் சொல்லுங்கள். மூன்று வயதுக்காரனுக்காக நீங்கள் எழுதுங்கள் என்றேன். போய்வந்த பிறகு, அவர் நம் அடுத்த கூட்டத்தில் வந்து கதை சொல்ல வேண்டும். காபி என் செலவு.