கற்றாழை மடல் சுருண்டால் முதலில் வேரைப் பார்க்கவும்

சோற்றுக் கற்றாழையின் மடல் மெலிந்து, இரு விளிம்புகளும் உள்நோக்கி மடங்கிச் சுருள்வது உண்டு. வீட்டுத் தொட்டியிலும் இதைக் காணலாம், தோட்டத்தில் பயிரிட்ட கற்றாழையிலும் காணலாம். கண்டவுடன் தண்ணீர் விடுவதே வழக்கம். சில சமயம் அது சரியான வைத்தியம். சில சமயம் அந்தத் தண்ணீரே செடியைக் கொன்றுவிடும்.

கற்றாழை தனக்கு வேண்டிய நீரை மடலில் சேர்த்து வைக்கும் பயிர். உள்ளிருக்கும் சோற்றில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் நீர்தான். வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை மண்ணே இல்லாமல் பல மாதங்கள் உயிரோடிருப்பது இந்தச் சேமிப்பினால்தான். வேர் வழியாக நீர் வராதபோது செடி மடலில் உள்ளதைச் செலவிடும். சோறு குறையக் குறைய மடல் குழிந்து சுருளும். மண் காய்ந்தாலும் இப்படி ஆகும். நீர் தேங்கி வேர் அழுகி, உறிஞ்ச வேரே இல்லாமற் போனாலும் இப்படித்தான் ஆகும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. விரல் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மண் காய்ந்திருந்து, மடல் மெலிந்தாலும் அடிப்பாகம் கெட்டியாக இருந்தால் அது தாகம். நன்றாக ஒரு முறை நீர் பாய்ச்சினால் ஒரு வாரத்துக்குள் மடல் தடிக்கத் தொடங்கும். மண் ஈரமாக இருந்தும் மடல் சுருண்டால் வேரைச் சந்தேகிக்க வேண்டும். அடி மடல்கள் மஞ்சளாகிக் கொழகொழத்து, இழுத்தால் கையோடு வரும். செடியைப் பிடுங்கினால் துர்நாற்றம் வீசும். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, தோல் உருவி நார் மட்டும் மிஞ்சும்.

புதிதாக நட்ட பக்கக் கன்றுகள் வேர் பிடிக்கும்வரை சில வாரங்கள் மெலிந்து சிவப்பேறி நிற்கும். அது நோயல்ல. அதற்காகத் தண்ணீரை அதிகப்படுத்தக் கூடாது.

வேர் அழுகிய செடியைப் பிடுங்கி, சுத்தமான கத்தியால் கெட்ட பகுதி முழுவதையும் வெட்டி எறிய வேண்டும். வெட்டுவாய் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் போட்டு வைத்து, மணல் கலந்த புது மண்ணில் நடலாம். நட்டவுடன் நீர் ஊற்றாமல் சில நாள் பொறுப்பது நல்லது. நடுக்குருத்தே அழுகியிருந்தால் செடி பிழைக்காது. அதை வயலில் போடாமல் எரித்துவிட்டு, பாதிக்கப்படாத பக்கக் கன்றுகளை மட்டும் பிரித்துக் கொள்ளலாம். தொட்டியின் அடியில் துவாரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அழகான பீங்கான் தொட்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

தோட்டத்தில் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், தாழ்வான பகுதியில் தொடங்கும். களிமண்ணும் கரிசலும் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பதால் அங்கே மேட்டுப்பாத்தி அமைத்து நட வேண்டும். மழைக்கு முன்பே வடிகால் வெட்டுவது அவசியம். நோய் கண்ட இடத்தில் சுற்றியுள்ள செடிகளின் அடியில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து ஊற்றலாம். மருந்து வேண்டாம் என்போர், நடும்போதே ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை மட்கிய தொழு உரத்துடன் கலந்து இடலாம். இரண்டையும் சேர்த்து இடக்கூடாது. தாமிர மருந்து டிரைக்கோடெர்மாவையும் அழித்துவிடும்.

வேரும் மண்ணும் நன்றாக இருந்தும் மடல் சுருண்டால், மடல் இடுக்குகளை விரித்து மாவுப்பூச்சி உண்டா என்று பார்க்கவும். எறும்பு ஏறி இறங்குவது அதற்கு அடையாளம். தொட்டிச் செடியில் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். தோட்டத்தில் வேப்ப எண்ணெய்க் கரைசலைச் சோப்புடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஒரு செடியில் தெளித்து, மடல் கருகவில்லை என்று கண்ட பிறகே மற்றவற்றுக்குத் தெளிக்க வேண்டும். சோறு எடுக்க விற்கும் மடல்களை, மருந்து தெளித்த சமயத்தில் அறுக்கக் கூடாது.